எரித்தவர்கள் கைக்கு எட்டாத பிரதி



போன வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சின்ன மனக்கசப்பு. பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஹிட்லர் காலத்துப் புத்தக எரிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்த எங்களிடம் மூத்த சேர் ஒருவர் கேட்டார்: "காஸாவில எங்கட பிள்ளைகள் சாகிற நேரத்தில, உங்களுக்கு யூதர்ர புத்தகக் கதையா தம்பிமாரே?"

அந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1933 மே 10 இரவு பேர்ளினில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எரித்தார்கள். முன்னின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். படித்த பிள்ளைகள்! ஆசிரியர்களான எங்களைத் தூங்கவிடாத செய்தி அதுதான்.

ஜேர்மனியின் மூனிச்சுக்குப் பக்கத்தில் கெயோர்க் சால்ஸ்மன் என்றொருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் நாஜி. மகனோ 1976 முதல், எரிக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட எழுத்தாளர்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர்களில் பலர் யூதர்கள். ஏறக்குறைய 12,000 புத்தகங்கள். 2009இல் அவை அவுக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுபதிப்பு கடையில் கிடைக்கும்போது முதல் பதிப்பு எதற்கு? ஃபொய்ஷ்ட்வாங்கர் என்ற யூத எழுத்தாளரின் 1930ஆம் ஆண்டு நாவலில் பதிப்பகத்தின் ஊர் பேர்ளின். 1933இல் வந்த நாவலில் ஆம்ஸ்டர்டாம். அவர் சொந்த நாட்டில் அச்சேற முடியாமல் போன கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. மறுபதிப்பில் அந்த வரி இருக்காது.

சேர், இன்னொன்று. அந்தப் பட்டியலில் இருந்த ஸ்டெஃபான் ஸ்வைக் 1942இல் பிரேசிலில் அகதியாக உயிரை மாய்த்துக்கொண்டார். இஸ்ரேல் உருவானது 1948இல். அந்த மனிதரிடம் நாம் எந்தக் கணக்கைத் தீர்க்கப் போகிறோம்?

நமக்கும் தீ தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அங்கிருந்த ஓலைச்சுவடிகளுக்கு மறுபதிப்பே கிடையாது.

எங்கள் மலையகத்தில் நெருப்பே தேவைப்படவில்லை. தோட்டத்துக்குள் நுழைய முடியாமல் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் போனார் என்பார்கள். அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் தொழிலாளருக்காக எழுதி அச்சிட்ட சின்னப் பிரசுரங்கள் இன்று கண்ணில் படுவதே அரிது. லயத்துக் கூரை ஒழுகி நனைந்தவை எத்தனை, கடலை சுற்றப் போனவை எத்தனை, யாருக்குத் தெரியும்?

அதனால் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து, பாடசாலை அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு புத்தகங்கள். இரண்டுக்கு அட்டை இல்லை.

உடப்புசல்லாவைப் பக்கத்து உறவுகளே, தாத்தாவின் பெட்டியில் பழைய தமிழ்ப் புத்தகம், சங்கத் துண்டுப்பிரசுரம், பாட்டுப் புத்தகம் ஏதும் இருந்தால் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளையின் பையில் போட்டு அனுப்புங்கள். படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.

முதலாவதாக நேற்று ஒரு புத்தகம் வந்தது. கொண்டுவந்தவர் அந்த மூத்த சேர்தான்.