இரைச்சலுக்கு ஒரு கதவு

அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலே திருவிழாக் காலம் வந்தால் இன்னிசைக் குழுக்களும் வந்துவிடும். மின்கிற்றார் ஏந்தி மேடையேறும் இளைஞருள் எம்மிடம் பயிலும் மாணாக்கரும் உளர். பாட்டு ஓய்ந்த வேளையில் ஒலிபெருக்கி எழுப்பும் 'உம்' என்ற இரைச்சலை அடக்க 'நொயிஸ் கேற்' என்னும் சிறு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அதனை எங்கே பொருத்துவதென எம்மை வினவினர்.

இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. கிற்றாரின் ஒற்றைச் சுருள் 'பிக்கப்' அவ்வலைவையும் வாங்கிக்கொள்கின்றது. 1955 ஆம் ஆண்டிலே கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருளை அமைத்தது அதனைத் தணிக்கவே. 'டிஸ்டோர்ஷன்' பெட்டியோ இசையையும் இரைச்சலையும் ஒருங்கே பெருக்குவதன்றித் தன் சீறலையும் சேர்க்கின்றது. ஆதலின் கதவு அதற்குப் பின்னே அமைதல் வேண்டும். முன்னே அமைந்தால் அச்சீறல் தப்பிவிடும். எதிரொலிப் பெட்டிக்கோ அது முன்னே நிற்றல் வேண்டும்; பின்னே நின்றால், தேய்ந்து மறையும் நாதத்தையும் இரைச்சலென்றெண்ணி அறுத்துவிடும்.

ஒன்றை மறத்தலாகாது. இக்கதவு இடைவெளியில் மட்டுமே இரைச்சலை அடைக்கும், வாசிக்கையில் நீக்காது. திறக்கும் அளவை மிக உயர்த்தினாலோ, மெல்ல மீட்டிய சுரமும் வெளிவராது.

வகுப்பறையிலே சந்தடியை அடக்கும் ஆசிரியராகிய நாமும் அவ்வளவை அறிதல் நன்று. லயக் காம்பராவிலிருந்து வந்து, கடைசி வாங்கில் தணிந்த குரலில் ஐயம் வினவும் பிள்ளைக்கு எமது கதவு திறந்திருத்தல் வேண்டுமன்றோ?