வீட்டிலேயே ஒரு திரட்டி

நான் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. சமூக ஊடகங்களில் நாம் பின்தொடர்பவர்கள் எழுதுவதெல்லாம் நம் கண்ணில் படுவதில்லை. எது நம்மை அங்கேயே உட்கார வைக்குமோ, அதுதான் மேலே வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிதானமாக எழுதுகிறவர் அந்த நெரிசலில் காணாமல் போகிறார். அப்படிப்பட்டவர்களைத் தவறவிடக் கூடாது என்றுதான், பிடித்த தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி ஒன்றை வீட்டில் சொந்தமாக நிறுவினேன்.

இதற்கான வழியை 1999-லேயே போட்டுவிட்டார்கள். சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹாவும், டான் லிப்பியும் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்எஸ்எஸ் வடிவத்தை உருவாக்கினார்கள். ஒரு தளத்தில் புதிதாக வந்த பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் வரிசையாக அடுக்கித் தரும் சிறு கோப்பு அது. தேதி, முழு உரை எல்லாம் பின்னால் சேர்ந்தன. நாம் அதைச் செய்தியோடை என்கிறோம். 2004-ல் தொடங்கிய தமிழ்மணம், இத்தகைய ஓடைகளைக் கொண்டுதான் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்தது. 2005-ல் வந்த கூகுள் ரீடர் என்ற திரட்டி 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது. ஆனால் செல்பேசிச் செயலிகள் அதனோடு பேசிய முறையை இன்றும் பல திறமூலத் திரட்டிகள் கையாள்கின்றன. நிறுவனம் கைவிட்டாலும் பொதுவழக்கு நிலைத்துவிட்டது.

என் வீட்டில் ஓடுவது மினிஃப்ளக்ஸ் என்ற திரட்டி. உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியே அதற்குப் போதும். பதிவுகள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் சேர்கின்றன. ஒவ்வொரு தளத்தையும் மினிஃப்ளக்ஸ் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. போனமுறை பார்த்ததற்குப் பிறகு ஏதும் மாறவில்லை என்றால், தளம் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். உள்ளடக்கம் மறுபடி இறங்காது. இருபக்கமும் சுமை இல்லை. நாம் படிப்பதைக் கண்காணிக்கப் பதிவுகளில் ஒளித்து வைக்கும் வேவுப் படங்களையும் மினிஃப்ளக்ஸ் நீக்கிவிடுகிறது.

ஓடைகளைக் கண்டுபிடிப்பதும் எளிது. வேர்ட்பிரஸ் தளமானால் பெரும்பாலும் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் போதும். யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு.

நிறுவியதோடு வேலை முடிவதில்லை. தளங்களின் முகவரி மாறும், சில தளங்கள் நின்றே போகும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், தரவுத்தளத்துக்கு நகல் எடுக்க வேண்டும். ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், நாளை வேறு எந்தத் திரட்டிக்கு மாறினாலும் அதை அப்படியே ஏற்றிவிடலாம். இந்தப் பராமரிப்பை நான் வாசிப்பின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன். பட்டியலைத் திருத்தும்போதெல்லாம், எனக்கு எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பயன், வாசிப்புக்கு ஒரு முடிவு இருப்பது. படிக்காதவை தீர்ந்ததும் பக்கம் காலியாகிவிடும். எழுந்து வேறு வேலை பார்க்கலாம். அரிதாக எழுதுகிறவரின் கட்டுரையும் தினமும் எழுதுகிறவரின் குறிப்பும் அங்கே ஒரே அளவு எழுத்தில், வந்த வரிசையில் நிற்கின்றன.

தமிழில் தளம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஓடையை மூடிவிடாதீர்கள், இரண்டு வரியோடு நிறுத்தாமல் முழுக் கட்டுரையையும் அதில் கொடுங்கள். உங்களை விரும்பித் தேர்ந்தெடுத்த வாசகர், யாருடைய தயவும் இல்லாமல் உங்களிடம் வந்து சேர அதுவே நேர்வழி.