ஃபோல்டரின் எடை என்ன?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஏதாவது ஒரு பெரிய ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்திருக்கிறீர்களா? சைஸ் என்ற இடத்தில் எண் ஒரே தடவையில் வந்து நிற்காது. ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஃபைலைக் கேட்டால் சட்டென்று பதில் சொல்லும் விண்டோஸ், ஃபோல்டரைக் கேட்டால் மட்டும் ஏன் இப்படி விரல் விட்டு எண்ணுகிறது?

காரணம் எளிது. அதற்குத் தெரியாது! என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலின் அளவும் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு ஃபோல்டருக்குள் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் ஒரு குழந்தை பிறந்தால் தெருமுனைப் பலகை, ஊர்ப் பலகை, தாலுகா பலகை, ஜில்லா பலகை எல்லாவற்றிலும் மக்கள்தொகையை அந்த நிமிடமே திருத்த வேண்டும் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு எழுத்தை டைப் செய்து சேவ் பண்ணும் போதெல்லாம் மேலே உள்ள அத்தனை ஃபோல்டர்களின் கணக்கையும் திருத்திக்கொண்டிருந்தால் மெஷின் அந்த வேலையைத்தான் பார்க்கும். அதனால்தான் கேட்கும்போது மட்டும் வீடு வீடாகப் போய் எண்ணுகிறது.

இதெல்லாம் பரீட்சைக்கு வராத விஷயம்தானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், லேப் கதவில் அந்த லிஸ்ட் ஒட்டப்படாமல் இருந்திருந்தால்.

எங்கள் செக்‌ஷனின் புராஜெக்ட் எல்லாம் லேப்பில் ஒரே ஒரு மெஷினின் டி டிரைவில்தான் இருக்கும். முறை போட்டு உட்காருவோம். வைரஸ் பயத்தால் பென் டிரைவ் செருக அனுமதி இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, அங்கே ஒரு காப்பி இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பெஞ்ச் நண்பன் வீட்டிலும் அதே கதைதான். எங்களுக்கு டி டிரைவில் இருப்பதுதான் ஒரே பிரதி. அது போனால் ஆறு மாத உழைப்பு போச்சு!

போன செமஸ்டர் பிராக்டிகலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டிரைவ் நிரம்பிவிட்டது. 500 எம்பிக்கு மேல் இருக்கும் ஃபோல்டர்களை அழித்துவிடுவதாக லேப் சார் அறிவித்தார். யார் ஃபோல்டர் எவ்வளவு என்பதைக் கணக்கிட, முன்பு படித்த சீனியர்கள் யாரோ சி மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு புரோகிராமை ஓட்டினார்கள். அதன் லிஸ்ட்தான் கதவில் தொங்கியது. அதில் என் நண்பனின் ஃபோல்டர் 780 எம்பி! அவன் முகம் வெளுத்துவிட்டது. "டேய், என்கிட்ட படம் கிடையாது, பாட்டு கிடையாது. எப்படிடா 780?" என்றான். அதே லிஸ்டில் இன்னொருவனின் ஃபோல்டர் 195 எம்பி. அதற்குள் ஒரு முழு சினிமாப் படம் இருப்பது செக்‌ஷனுக்கே தெரியும்!

எங்கேயோ இடிக்கிறதே என்று, அந்தப் புரோகிராமின் பிரின்ட் அவுட்டை வாங்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

விண்டோஸில் ஃபோல்டரை எண்ணும் முறை இதுதான். 'ஃபைண்ட் ஃபர்ஸ்ட் ஃபைல்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் முதல் பெயரைத் தரும். 'ஃபைண்ட் நெக்ஸ்ட் ஃபைல்' அடுத்தடுத்த பெயர்களைத் தரும். முடிந்ததும் 'ஃபைண்ட் குளோஸ்'. வந்தது ஃபைல் என்றால் அதன் அளவைக் கூட்டு. ஃபோல்டர் என்றால் அதற்குள் புகுந்து இதே வேலையைத் திரும்பச் செய். வகுப்பில் ஃபேக்டோரியலுக்குப் படித்தோமே ரிகர்ஷன், அதேதான்! ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்களும் நடுவில் வரும். ஒற்றைப் புள்ளி என்றால் அதே ஃபோல்டர், இரட்டை என்றால் அதன் தாய் ஃபோல்டர். இவற்றை விலக்காவிட்டால் ஒரே வீட்டுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த சீனியர் இதைச் சரியாகவே விலக்கியிருந்தார்.

கோளாறு வேறு இடத்தில். விண்டோஸ் ஒரு ஃபைலின் அளவை இரண்டு துண்டாகத் தருகிறது. கீழ்ப் பகுதி 32 பிட், மேல் பகுதி 32 பிட். 32 பிட்டில் அடங்குவது 429,49,67,295 வரைதான். அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதைத் தாண்டினால் மேல் பகுதியில் 1 ஏறும், கீழ்ப் பகுதி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். மேல் பகுதியை 429,49,67,296 ஆல் பெருக்கி, கீழ்ப் பகுதியைக் கூட்டினால்தான் உண்மையான அளவு. பழைய புரோகிராம் கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தின் அளவு 450 கோடி பைட். அதில் 429,49,67,296ஐக் கழித்தால் மிச்சம் 20,50,32,704 பைட். 1024 ஆல் இரண்டு முறை வகுத்தால் 195 எம்பி! படம் வைத்திருந்தவன் தப்பித்த ரகசியம் இதுதான்.

சரி, என் நண்பன் கதை என்ன? அவன் டீமில் நாலு பேர். புராஜெக்ட்டுக்கான படங்களையெல்லாம் 190 எம்பிக்கு ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தான். இடத்தை மிச்சம் பிடிக்கத்தான், காப்பி போடாமல், 'எம்கேலிங்க்' கட்டளையால் மற்ற மூன்று பேரின் ஃபோல்டரிலிருந்தும் அதற்கு ஜங்ஷன் போட்டிருந்தான். ஜங்ஷன் என்பது ஒரு அறைக்கு வைத்த இன்னொரு வாசல், அவ்வளவுதான். இடம் எடுக்காது. ஆனால் விண்டோஸ் அதையும் ஃபோல்டர் என்றே காட்டும். கூடவே 'ரீபார்ஸ் பாயின்ட்' என்று ஒரு அடையாளமும் இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்க்காத புரோகிராம் நாலு வாசல் வழியாகவும் நுழைந்து ஒரே அறையை நாலு தடவை எண்ணிவிட்டது. 190ஐ 4 ஆல் பெருக்கினால் 760. மற்ற ஃபைல்கள் 20. மொத்தம் 780! உண்மையில் அவன் வைத்திருந்தது 210 எம்பிதான். சிக்கனமாக இருந்தவனுக்குத் தண்டனை, ஊதாரிக்கு மன்னிப்பு!

இந்த ஜங்ஷன் விஷயம் எங்கள் லேப்போடு முடிவதில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று இருப்பது நிஜ ஃபோல்டர் அல்ல, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குப் போகும் ஜங்ஷன்தான். பழைய புரோகிராம்கள் வழி தவறக் கூடாது என்பதற்காக வைத்தது.

மறுநாளே புதிதாக ஒரு புரோகிராம் எழுதினேன். அளவுக்கு 64 பிட் வேரியபிள். ரீபார்ஸ் பாயின்ட் என்றால் உள்ளே போகாதே. இன்னொன்றும் சேர்த்தேன். சில ஃபோல்டர்களைத் திறக்க நமக்கு உரிமை இருக்காது. அப்போது எரர் நம்பர் 5 வரும். அந்த ஃபோல்டரைப் பேசாமல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு போகாமல், 'இவை எண்ணப்படவில்லை' என்று தனியாகப் பெயர் போட வைத்தேன். எண்ணாததை எண்ணியதாகச் சொல்வதும் பொய்க் கணக்குதானே!

இரண்டு லிஸ்டையும் எடுத்துக்கொண்டு லேப் சாரிடம் போனோம். கொஞ்சம் பயம்தான். கதவில் ஒட்டிய லிஸ்ட் தப்பு என்று ஒரு ஸ்டூடன்ட் எப்படிச் சொல்வது? "சார், ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். சார் 190 எம்பி ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டார். மற்ற மூன்று ஃபோல்டரிலும் அதே ஃபைல் தெரிந்தது. சிரித்துவிட்டு, "இடம் ஒண்ணுதான்பா" என்றார். சாயங்காலமே கதவில் புது லிஸ்ட். படம் போனது, புராஜெக்ட் நின்றது.

சார் அப்போது ஒரு கேள்வியும் கேட்டார். "ஃபைலோட சைஸும், டிஸ்க்குல அது பிடிக்கிற இடமும் ஒண்ணா?" இல்லை! என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை வழக்கமாக 4096 பைட் கொண்ட கிளஸ்டர்களாகப் பிரித்துத் தருகிறது. 1000 பைட் ஃபைலுக்கும் ஒரு முழு கிளஸ்டர். அப்படி 10,000 ஃபைல் இருந்தால் சரக்கு ஒரு கோடி பைட், பிடித்த இடம் நாலு கோடியைத் தாண்டும். கால் மூட்டை அரிசி வைத்தாலும் ஒரு மூட்டை இடம்தான். பிராப்பர்ட்டீஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு எண் இருப்பதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது. இடம் போதவில்லை என்று அழிக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

நண்பர்களே, நாளை நாம் வேலைக்குப் போகும் இடங்களில் இப்படி எத்தனையோ லிஸ்ட் கம்ப்யூட்டரிலிருந்து வரும். யாருக்குச் சம்பளம், யாருக்குக் கடன், யாருக்கு ரேஷன் என்று அது சொல்லும். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பேசாமல் திரும்பி வந்துவிடுவார்கள். படித்த நாமும் அப்படித் திரும்பலாமா? எதை எண்ணினாய், எதை விட்டாய், எதை இரண்டு தடவை எண்ணினாய் என்று இந்த மூன்றையும் மரியாதையாகக் கேட்டுவிடுவோம். புரோகிராம் எழுதும் நாற்காலியில் நாம் உட்காரும்போது, அந்தக் கேள்விகளுக்குப் பதிலும் வைத்திருப்போம்.