லீசலோட்டேயின் பெயரால்

ஐரோப்பிய வரலாறு நடத்திப் பிழைத்தவன் நான். அந்தப் பிழைப்பில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்திருக்கிறேன். ஜெர்மனியின் பலாட்டினேட்டை ஆண்ட கார்ல் 1685இல் வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய தங்கை எலிசபெத் சார்லோட்டேயின் உரிமையைக் காட்டிப் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி 1688இல் படையெடுத்தார். வருஷா வருஷம் இவ்வளவுதான் ஒப்பித்தேன்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அந்தத் தங்கச்சி சண்டை வேணும்னு கேட்டாங்களா சார்?" என்றாள். அவருடைய கடிதங்களை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். பதில் தெரியும். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். பாடத்தை முடிக்கும் அவசரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பல். ஒரு பெண் அழுததெல்லாம் வரலாறா என்ற அகந்தையும் அதில் இருந்தது.

அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். லீசலோட்டே என்று செல்லமாக அழைக்கப்பட்ட எலிசபெத் சார்லோட்டே பிறந்தது 1652இல், ஹைடல்பெர்க்கில். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, ஏழு வயதுப் பிள்ளையை ஹனோவரில் இருந்த அத்தை சோஃபியிடம் அனுப்பிவிட்டார்கள். பெற்ற தாயைவிட அந்த அத்தைதான் அவருக்கு எல்லாம். 1671இல் அரசியல் கணக்குப் போட்டு, லூயியின் தம்பி பிலிப்புக்குக் கட்டிவைத்தார் அப்பா. மதமும் மாற வேண்டியிருந்தது. கணவரின் மனம் ஆண் நண்பர்களிடம். முதல் மகன் மூன்று வயது நிறையுமுன்பே போய்விட்டான். தன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும், அத்தைக்கு ஜெர்மனில் பக்கம் பக்கமாக எழுதினார். அப்பாவின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகளையும் அவர் ஒதுக்கவில்லை. அந்த வழித் தங்கை லூயிசேக்குக் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

1689இல் லூயியின் படை ஹைடல்பெர்க் கோட்டைக்குத் தீ வைத்தது. அப்பா பாடுபட்டு மீண்டும் எழுப்பிய மான்ஹைமை இடித்துத் தரைமட்டமாக்கியது. எல்லாம் லீசலோட்டேயின் பெயரைச் சொல்லி. இவரோ, எரிக்கச் சொன்னவரின் அரசவையிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினால் அழிந்த அந்த ஊர்களே தெரிவதாகவும், திடுக்கிட்டு விழித்தால் அழுகையை அடக்க முடியவில்லை என்றும் அத்தைக்கு எழுதினார். ஏழை ஜனங்களைக் கெடுக்கத் தன் பெயரா கிடைத்தது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

1692இல் இன்னொன்று நடந்தது. மணஉறவுக்கு வெளியே பிறந்த தன் மகளை, லீசலோட்டேயின் மகனுக்கு முடிக்க நினைத்தார் லூயி. மகனும் தலையாட்டிவிட்டான். அரசவையே பார்த்திருக்க, மகன் கன்னத்தில் லீசலோட்டே ஓங்கி அறைந்ததை, அந்த அரசவை நினைவுகளை எழுதிய செயின்ட் சைமன் பதிவுசெய்திருக்கிறார். வகுப்பு தூங்கி வழியும்போது இந்த அறையைச் சொல்லித்தான் நான் சிரிக்கவைப்பேன். பிறந்த ஊரையும் பெற்ற மகனையும் ஒரே மனிதரிடம் பறிகொடுத்த தாயின் கை அது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய மகள்வழிக் கொள்ளுப்பேத்திதான் மரீ அந்துவானெத். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

இன்று இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: 1685இன் வாரிசுரிமையைச் சொல்லும்போது, 1689இல் அவர் அத்தைக்கு எழுதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது எழுந்து கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள்.