கைப்பிடிக்கு ஒரு ஹீட்டர்

மார்கழி பிறந்தா சமவெளியில இருக்கிறவங்க ஃபேனை ஒரு நம்பர் குறைச்சு வைப்பீங்க. எங்க நீலகிரியில அந்த மாசம் புல்லு மேல உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி கிடக்கும். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரிதான் இதுக்குத் தோது. குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரி பள்ளத்தைப் பார்த்து இறங்கிடும். அதனால மேட்டுல இருக்கிற வீட்டைவிட, ஓடைக்கரையில இருக்கிற தோட்டத்துலதான் பனி அதிகம்.

பனி உறைஞ்ச இலை மேல சுள்ளுன்னு வெயில் பட்டா, செடி தீய்ஞ்ச மாதிரி கருகிடும். அதுக்கு முன்னாடி ஸ்பிரிங்க்ளரைப் போட்டுப் பனியைக் கழுவி விடணும். கேரட் பிடுங்குற நாள்னா இன்னும் சீக்கிரம். ராத்திரியிலேயே பிடுங்கி, மெஷின்ல கழுவி, மூட்டை கட்டி, லாரியை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பணும். ஆக, குளிர் உச்சத்துல இருக்கிற நேரத்துலதான் நான் பைக்கை எடுக்கிறேன். வீட்டுல இருந்து தோட்டம் 8 கிலோமீட்டர்.

முதல் ரெண்டு கிலோமீட்டர்ல விரல் நுனி வலிக்கும். நாலு தாண்டினா வலி போயிடும். அந்த வலி போறதுதான் ஆபத்து. பிரேக்கை எவ்வளவு அழுத்துறோம்னு விரலுக்குத் தெரியாது. தடிமனான கையுறை போட்டாலும் அதே கதைதான், லீவர் எங்க இருக்குன்னே தட்டுப்படாது. கம்பளிக் கையுறைக்கு மேல பிளாஸ்டிக் கவர் கட்டிப் பார்த்தோம், சட்டைக்குள்ள பேப்பர் வச்சுப் பார்த்தோம். நெஞ்சுக்கு உதவுச்சு, விரலுக்கு உதவலை. போன தை மாசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு வளைவுல விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. "பிரேக் பிடிச்சேனா இல்லையான்னே தெரியலப்பா"ன்னார். கட்டுப் போட்ட கையோட வரப்புல உட்கார்ந்து, அந்தப் போகம் முழுக்க மத்தவங்க வேலை செய்யறதைப் பார்த்துட்டு இருந்தார்.

அதுக்கப்புறம்தான் சூடாகிற கைப்பிடி ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டுக்காரம்மா, "நீங்க என்ன லடாக்கா போறீங்க?"ன்னு சிரிச்சாங்க.

மாட்டறதுக்கு முன்னாடி மெக்கானிக் தம்பியும் நானும் கணக்குப் போட்டோம். கிட் 36 வாட். 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் இழுக்கும். ஏறக்குறைய இன்னொரு ஹெட்லைட் பல்பு போட்ட மாதிரி. என் வண்டி 2018ல வாங்கின 150 சிசி. 2017 ஏப்ரல்ல வந்த விதிப்படி ஹெட்லைட் வேற எப்பவும் எரிஞ்சுகிட்டே இருக்கும். பேட்டரியில மல்டிமீட்டர் வச்சு, பிடியையும் சூடேத்தி, ஓட்டுற வேகத்துக்கு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்தோம். 13.4 வோல்ட் காட்டுச்சு. அது 13க்குக் கீழ இறங்கியிருந்தா கழட்டி வச்சிருப்போம். ஏன்னா காயில் கொடுக்கிறது பத்தாம பேட்டரியில இருந்து தின்ன ஆரம்பிச்சிடும்.

சாவியை எடுத்த பிறகும் கைப்பிடி சூடாகிட்டே இருந்தா, 5 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால ரிலே வச்சோம். தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்கே, அதே வேலைதான். சின்ன கரன்ட் வந்து பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும். பேட்டரி பிளஸ்ல இருந்து, பக்கத்துலயே 5 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயோட 30ஆம் முனை. 87ல இருந்து கைப்பிடிக்கு. 86க்கு டெயில் லைட் வயர்ல இருந்து ஒரு இணைப்பு, 85 எர்த்துக்கு. சாவியைத் திருப்பினாதான் உயிர் வரும், எடுத்தா அடங்கிடும்.

வலது பக்கம் ஆக்சிலரேட்டரோட சேர்ந்து சுத்தும். வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடணும். கையை எடுத்ததும் ஆக்சிலரேட்டர் தானா சட்டுனு திரும்பணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்த்து, எங்கயும் வயர் இழுக்கலைன்னு உறுதி பண்ணிக்கணும். இதுல சமாதானமே கூடாது. இடது பக்கம் வேற பிரச்சினை. அங்க கைப்பிடி நேரா இரும்புக் குழாய் மேல உட்காருது, குழாய் சூட்டை உறிஞ்சிடும். வலதுல பிளாஸ்டிக் குழல் நடுவுல இருக்கிறதால அவ்வளவு போகாது. அதனால இடது குழாய் மேல முதல்ல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சுருக்கிவிட்டு, அப்புறம்தான் பிடியை ஏத்தினோம்.

ஒண்ணு சொல்லணும். சூடு உள்ளங்கைக்குத்தான். விரலோட வெளிப்பக்கம் காத்து வாங்கிட்டேதான் இருக்கும். 5 லிட்டர் எண்ணெய் கேனை வெட்டி ரெண்டு லீவருக்கும் முன்னாடி மறைப்பு கட்டினேன், லீவர் மேல உரசாத மாதிரி. பார்க்க அழகா இல்லை. ஆனா தோட்டத்து இறக்கத்துல, ஈரமான கற்பூர மரத்து இலை மேல போகும்போது, முன் பிரேக் விரலுக்குள்ள இருக்கு. அது போதும்.

இப்ப ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஈர மண்ணுக்குள்ள கையை விட்டுக் கேரட் பிடுங்குற அக்காங்களுக்கு என்ன ஹீட்டர் இருக்கு? ஓரத்துல ஒரு கும்பட்டி நெருப்பு, கொஞ்சம் வரக்காப்பி, அவ்வளவுதான். முதல் நாளே ஒரு அக்கா கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துட்டு, "அண்ணா, வண்டியை ஆஃப் பண்ணாதீங்க"ன்னாங்க. இப்ப நான் போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரெண்டு பேரா வந்து பிடிச்சுக்கிறாங்க. சும்மா ஓடவிட்டா பேட்டரி இறங்கும்ங்கிறதால, கொஞ்சம் ஆக்சிலரேட்டரை ஏத்தி வச்சுப் பத்து நிமிஷம் ஓடவிடறேன். பெட்ரோல் போகுது. போகட்டும்.