அம்மாவுக்கு ஒரு பெட்டி

என் தாயார் திண்டிவனத்தில் இருக்கிறாள். நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். இடையே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் ஏறினால் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனாலும் தினமும் இரவு எட்டு மணிக்குச் செல்போனில்தான் நாங்கள் தாயும் பிள்ளையுமாக இருந்து வந்தோம். எழுதுகிறவனுக்கு நேரமில்லை என்றால் நீங்கள் நம்புகிறீர்கள், அம்மா நம்புவதில்லை.

அந்தப் பேச்சுக்கும் ஒரு தடை. அவள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்பக்கம் புதிதாக எழும்பிய மூன்று மாடிக் கட்டடம் செல்போன் கோபுரத்தை மறைத்துவிட்டது. மிச்சம் மீதி வந்த அலையையும் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் விழுங்கிவிட்டது. எழுபத்து மூன்று வயதில் அவள், என் குரலைக் கேட்பதற்காகக் கைப்பிடி இல்லாத படியில் ஏறி மொட்டை மாடிக்குப் போவாள். ஒரு மழை நாளில், நான் கூப்பிட்ட அவசரத்தில் ஏறும்போது வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் வீங்கியதோடு போயிற்று.

மறுநாளே ஒரு கடையில் பூஸ்டர் என்கிற பெட்டியை வாங்கினேன். மாடியில் ஓர் ஆன்டெனா, அதிலிருந்து கேபிள், கூடத்தில் பெட்டி, அதற்கு ஒரு குட்டி ஆன்டெனா. வெளியில் உள்ள மெல்லிய அலையைப் பிடித்துப் பெருக்கி உள்ளே விடுகிறது. உள்ளிருந்து போவதையும் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. அன்றிரவு அம்மா ஈஸிசேரில் படுத்தபடியே பேசினாள். "பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்குடா!" என்றாள். பிள்ளையாகப் பிறந்த கடனை ஒரு பெட்டியால் தீர்த்துவிட்ட பெருமிதம் எனக்கு.

பெருமிதம் பத்து நாள் நீடித்தது.

எதிர்வீட்டுப் பையன் ஆட்டோ ஓட்டுகிறவன். "சவாரியே வரமாட்டேங்குது ஆயா. கூப்பிட்டா லைனே கிடைக்கலைன்னு சொல்றாங்க" என்று அம்மாவிடம் புலம்பியிருக்கிறான். போனைக் கடையில் கொடுத்து முந்நூறு ரூபாய் செலவும் செய்துவிட்டான்.

அம்மா பௌதிகம் படித்தவள் அல்ல. ஆனால், அவனுடைய கஷ்டம் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டிருக்கிறாள். தேதி, நான் பெட்டி மாட்டிய தேதி. உடனே பிளக்கைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் எதிர்த் திண்ணையில் போன் மணி அடித்தது. மறுபடி மாட்டினாள், பேச்சு அறுந்தது. மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்: "நீயும் நானும் பேசறதுக்கு அவன் வீட்டு உலை அணையணுமா?"

எனக்குத் தெரிந்த எஞ்சினீயர் ஒருவரிடம் கேட்டேன். கூத்து மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் 'கூ' என்று ஊளையிடுமே, இரண்டு ஆன்டெனாவும் கிட்டக் கிட்ட இருந்தால் இந்தப் பெட்டியும் அப்படித்தான் ஊளையிடுமாம். நம் காதில் அது விழாது. கோபுரத்தின் காதில் விழும். அந்த இரைச்சலில் அக்கம்பக்கத்துப் போன்களின் மெல்லிய குரல் கோபுரத்துக்குக் கேட்காது. அதனால்தான் செல்போன் கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் இதைத் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். கம்பியில்லாத் தந்திக் கருவியை அனுமதியின்றி வைத்திருக்கலாகாது என்று 1933-லேயே சட்டம் வந்தது. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அயலானின் துயரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சன்மானம் வாங்கியவன் நான்!

வழி வேறு இருந்தது. வீட்டு இன்டர்நெட்டின் வைஃபை மூலமாகவே சாதாரண நம்பரில் பேசும் வசதி 2019 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கம்பெனியும் போனும் அதற்கு இடம் கொடுத்தால் போதும். போனின் செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட வேண்டியதுதான். இன்டர்நெட் இணைப்பு வாங்கி, மின்சாரம் நின்றால் பேச்சு நிற்காமலிருக்க ஒரு சின்ன பேட்டரியும் வைத்தேன். யார் காதையும் அடைக்காமல் இப்போது அம்மா ஈஸிசேரிலிருந்தே பேசுகிறாள்.

பெட்டியைக் கழற்றப் போன அன்று, எதிர்வீட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நெடுக வார்த்தை தேடிக்கொண்டே போனேன். அம்மா முந்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன். நீ வந்து சொல்லுவேன்னு காத்திருந்தா, அவன் ஆட்டோவையே வித்திருப்பான்."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வண்டியிலேயே போனேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "வச்சுக்கப்பா" என்றேன். அவன் எண்பது ரூபாய் எடுத்துக்கொண்டு, மீதியை என் சட்டைப் பையில் செருகினான்.

"ஆயாவைப் பார்க்க அடிக்கடி வாங்கண்ணே, சவாரி கிடைக்கும்" என்றான்.

பெட்டி இன்னும் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பாதி விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இன்னொரு தெருவில் அது ஊளையிடும்.