கடைசிக் கை

2020 மார்ச் 14. கோவாவில், கொரோனா அச்சத்தால் பார்வையாளரின்றி நடைபெற்ற ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதியாட்டத்தில், சென்னையின் எஃப்.சி. அணி கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றது.

மறுநாள், பேரனுக்குச் சட்டை வாங்கப் புதியம்புத்தூரின் தையற்கூடமொன்றிற்குச் சென்றிருந்தோம். நம்மிடம் ஓதிய பிள்ளைகள் மூவர், தோற்ற அணியினர்க்கு மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தனர். ஒரே கோலடித்த வால்ஸ்கிஸுக்குப் பத்துக்கு எட்டு, கோல்காப்பாளருக்கு மூன்று.

"நீங்களே சொல்லுங்கள் ஹஜ்ரத், மூன்று கோல் விட்டாரல்லவா?"

"சட்டையின் முன்பக்கங்கள் ஏற்றத்தாழ்வாக நின்றால் யாரை ஏசுவார்கள்?" என்று வினவினோம்.

காஜா எடுக்கும் பிள்ளை தலைகவிழ்ந்தான். "என்னைத்தான். துணி வெட்டியதில் பிழையென்றாலும் கடைசிக் கை என்னுடையதாயிற்றே!"

பந்தும் பத்துப் பேரைக் கடந்தன்றோ காப்பாளரிடம் வருகிறது! கீழ்நிலையில் கிடந்த அவ்வணி, 2019 டிசம்பரில் ஓவன் கோயில் பயிற்சியாளராக வந்தபின் இறுதியாட்டம்வரை ஏறியதும் அம்மதிப்பெண்ணில் சேரவில்லை.

ஆயினும், அறிவுரை கூற நமக்கு நாவெழவில்லை. முன்னொரு தேர்வில், மனனப் பாடத்தில் தடுமாறிய மாணவனொருவனுக்குச் சுழியமிட்டோம். அதன்பின் அவன் மத்ரஸாவுக்கு வரவேயில்லை.

நீதியைக் குறிக்கும் 'இன்ஸாஃப்' எனும் அரபுச் சொல், பாதி எனப் பொருள்படும் 'நிஸ்ஃப்' பிறந்த வேரிலேயே பிறந்தது. இதை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அவன் தடுமாற்றத்தில் பாதி நம் போதனையினுடையது. அந்தப் பாதிக்கு நாம் மதிப்பெண் இட்டுக்கொள்ளவில்லை.